சத்தம் நின்ற இடம்

மீனம்மா அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனபோது, பாயில் கிடந்த அப்பா பழனியாண்டி கையைத் தூக்கினார்.

"அந்தத் தட்ட நிப்பாட்டு தாயி. நீ வாசிக்கிறது கேக்கல."

அவள் புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு மூலையிலிருந்த கிராமபோன் பெட்டியைப் பார்த்தாள். மூடி சாத்தியிருந்தது. அதன்மேல் மடித்துப் போட்ட சாக்கு அப்படியே இருந்தது. ஐப்பசி மழையில் துருவேறி, தட்டைச் சுழற்றும் வில்லு அறுந்து போனது. அதற்குப் பிறகு அது பாடவே இல்லை.

"ஒண்ணும் பாடலப்பா."

"பாடுது. போயி நிப்பாட்டு."

அவள் எழுந்து போய்ச் சாக்கை எடுத்தாள். மூடியைத் திறந்து, அவருக்குக் கேட்கும்படி ஓங்கிச் சாத்தினாள்.

"நிப்பாட்டிட்டேன்."

அவர் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கவனித்தார். "இன்னும் கேக்குது" என்றார். எரிச்சல் ஒன்றும் இல்லாமல், வெளியே மழை பெய்கிறது என்பதைப் போலச் சொன்னார்.

மீனம்மா சாக்கைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். பெட்டி பாடாமலே பாட்டுக் கேட்பதை நினைத்து மட்டுமல்ல. தட்டை நிப்பாட்டு என்று அப்பா சொல்லி அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

பழனியாண்டிக்குப் பாட்டு இல்லாமல் படிக்க வராது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், காம்பரா என்கிற ஒற்றை அறையில் மூன்று குடும்பம் படுத்துக் கிடந்த காலத்தில், சண்டைக்கும் தாலாட்டுக்கும் கோயில் பஜனைக்கும் நடுவே எழுத்துக் கூட்டிப் பழகியவர். "சத்தம் இல்லாத எடத்துல எழுத்தெல்லாம் செத்த எறும்பு மாதிரி கெடக்கும்மா" என்பார். தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது அவரிடமிருந்து அந்தப் பெட்டியை வாங்கித் தலையில் வைத்து லயத்துக்குச் சுமந்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தட்டைச் சுழல விட்டு, கம்பளியைப் போர்த்துக்கொண்டு புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவார். எந்தப் பாட்டாக இருந்தாலும் சரி, ஏதாவது ஓட வேண்டும்.

மகள் அதற்கு நேர்மாறு. அடுப்பில் உலைமூடி ஆடினாலே அவளுக்கு வரி நழுவிவிடும். அவர் தட்டைப் போட்டதும் அவள் தன் புத்தகத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்குப் போய்விடுவாள். கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. ஞாயிற்றுக்கிழமை ஒரு குழந்தையும் இருக்காது. காலியாகத் தொங்கும் ஏணைகளுக்கு நடுவே, சுவரில் சாய்ந்து, இருட்டும் வரை படிப்பாள். ஒரே வீட்டில் படிக்கிறவர்கள் இரண்டு பேர். அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து படித்ததே இல்லை.

நெஞ்சுச் சளி முற்றி, பார்வையும் மங்கிய பிறகுதான் அவள் அவருக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினாள். வில்லு அறுந்த பெட்டியைச் சரி பண்ணச் சொல்லி அவர் கேட்கவில்லை. "ஒன் கொரலே ஓடுதே, அது போதும்" என்றார்.

இப்போது கையிலிருந்த நாவலுக்கு அட்டையும் இல்லை, பேரும் இல்லை. சின்ன வயதில் தொலைந்த மகன் நான்தான் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் ஒரு விதவையின் வீட்டுக்கு வந்து சேருகிறான். ஊரே நம்புகிறது. அந்தத் தாய் ஒன்றும் சொல்லாமல் அவனுக்குச் சோறு போடுகிறாள். அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? பழனியாண்டி ஒரு மாதமாக இதையே கேட்டுக்கொண்டிருந்தார். "கடைசிப் பக்கத்தப் பாத்துச் சொல்லவா?" என்று ஒருநாள் கேட்டதற்கு அடிக்கவே வந்தார்.

காலையில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் ஐயா வந்து நாடி பார்த்துவிட்டு, அண்ணன் செல்லசாமியை வாசலுக்குக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு உடப்புசல்லாவையிலிருக்கும் சொந்தக்காரர்களுக்குச் சொல்லப் போய்விட்டான். மீனம்மா புத்தகத்தை எடுத்தாள். மிச்சமிருந்த பக்கங்களை விரலால் பிடித்துப் பார்த்தாள். மெல்லிய கட்டுத்தான்.

"என்ன பாட்டுப்பா கேக்குது?"

"பாட்டு இல்ல. கொட்டு." அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். "தப்பு அடிச்சுக்கிட்டு வாறாங்க. மேல் டிவிசன்ல இருந்து. இப்ப பங்களா வளைவு."

சாவுக்குத்தான் தப்பு அடித்து வருவார்கள். தோட்டத்தின் மேல் டிவிசனில் யாரும் சாகவில்லை. செத்திருந்தால் காலையிலேயே ஆள் வந்து சொல்லியிருக்கும். வெளியே பனிமூட்டம் பீலியில் கொட்டும் தண்ணீரின் சத்தத்தைக்கூட அமுக்கி வைத்திருந்தது. யாருக்கு அடிக்கிறார்கள்?

"வாசி தாயி. சத்தமா வாசி."

அவள் வாசித்தாள். நிஜ மகனைப் பார்த்ததாக ஒரு வண்டிக்காரன் ஊருக்குள் வருகிற இடம். அவள் குரல் தகரக் கூரையில் பட்டுத் திரும்பியது.

"ஸ்டோருக்கிட்ட வந்துட்டாங்க."

தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கும் லயத்துக்கும் நடுவே ஒரு பள்ளமும் கோயிலும்தான். அவள் வேகத்தைக் கூட்டினாள். மூச்சு வாங்கியது. ஒரு பக்கத்தை அப்படியே தாண்டிப் போனாள்.

"வண்டிக்காரன் என்ன ஆனான்?" என்றார் பழனியாண்டி, கண்ணைத் திறக்காமல்.

அவள் பின்னால் புரட்டி, விட்ட பக்கத்தையும் வாசித்தாள்.

அடுத்த காம்பரா ராக்காயி வாசலில் வந்து நின்றாள். "என்னடி இது? பெரட்டுக்களம் வரைக்கும் கேக்குது."

"அப்பாவுக்குக் காது கேக்கல அத்தை."

ராக்காயி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, வெளியைப் பார்த்தபடி வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"கோயிலடி" என்றார் அவர்.

மீனம்மா இன்னும் கத்தினாள். சொற்கள் கிழிந்து கிழிந்து வந்தன. இப்போது அவள் வாசிக்கவில்லை, யாரையோ விரட்டிக்கொண்டிருந்தாள். பழனியாண்டியின் முகம் மெல்ல வாசல் பக்கம் திரும்பியது.

"லயத்துக்கு வந்துட்டாங்க."

அவளும் திரும்பினாள். வாசலில் ராக்காயியின் முதுகு. அதற்கு அப்பால் வெள்ளையாகப் பனி.

"நின்னுருச்சு."

அவர் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. காதுக்குள்ளிருந்து எதையோ எடுத்துவிட்டது போல முகம் இளகியது. சத்தமில்லாததைக் காது கொடுத்துக் கேட்டார்.

"இதத் தேடித்தான் பிள்ளைக்காம்பராவுக்குப் போவியா?"

"ஆமாப்பா."

"நல்லாத்தான் இருக்கு." கையை அவள் பக்கம் நகர்த்தினார். "வாசி."

அவள் தாழ்ந்த குரலில் தொடர்ந்தாள். கத்த வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக இறங்கியது. அவளுக்கே அந்தக் கதை அப்போதுதான் புரிவது போலிருந்தது. வண்டிக்காரன் திண்ணமாகச் சொல்லிவிட்டான். வந்தவன் இரவோடு இரவாகக் கிளம்பத் துணி கட்டுகிறான். அடுப்படியில் விளக்கு எரிகிறது.

"அவளுக்குத் தெரிஞ்சு போச்சோப்பா?" என்று சிரித்தபடி நிமிர்ந்தாள்.

அவர் கண்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. மறுபடி கேட்டாள். ராக்காயி எழுந்து உள்ளே வந்து, அவர் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அந்தக் கண்களை மூடிவிட்டாள்.

மீனம்மா அழவில்லை. பக்கங்களைப் பின்னால் புரட்டிக்கொண்டிருந்தாள். எந்த வரியில் போனார்? துணி கட்டும்போதா, அதற்கு முன்பா? ராக்காயி அவள் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டுத்தான் ஒப்பாரியைத் தொடங்கினாள்.

மறுநாள் தோட்டத்து ஆசாரி சவப்பெட்டி அடித்துக் கொண்டுவந்தார். செல்லசாமி மொட்டைத் தலையில் ஈரத்துண்டோடு நின்றான். மேல் டிவிசன் தப்புக்காரர்களுக்குச் சொல்லிவிட்டிருந்தான். அப்பாவுக்குக் கொட்டு இல்லாமல் எப்படி?

சத்தம் முதலில் மிக மெல்லியதாகத்தான் வந்தது. பெண்கள் ஒப்பாரியை நிறுத்தவில்லை. மீனம்மா மட்டும் நிறுத்தினாள். பங்களா வளைவு. அங்கே மண்மேட்டில் மோதிச் சத்தம் ஒருமுறை மங்கும். மங்கியது. பிறகு ஸ்டோர். பிறகு கோயிலடி. அவள் பக்கத்திலிருந்த ராக்காயியின் கையைப் பிடித்தாள். கொட்டு லயத்தின் முனைக்கு வந்தது.

நின்றது.

அவள் ஓடிப்போய் வெளியே பார்த்தாள். தப்புக்காரர்கள் லயத்து முனையில் குந்தி, காய்ந்த சருகைக் கூட்டித் தீ மூட்டிக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் சின்னத்தம்பி தப்பைத் தீயில் காட்டித் திருப்பினார்.

"பனியில தோலு தொய்ஞ்சு போச்சு புள்ள. சத்தமே வரல. காய வச்சுட்டு வாறோம்."

அவள் தலையாட்டினாள். உள்ளே வந்து அரிசிப் பானைக்குப் பின்னால் கையை விட்டாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டம் புறப்பட்டது. முச்சந்தி வரைக்கும்தான் பெண்கள். அங்கே பெட்டியை இறக்கித் திசை மாற்றித் தூக்குவது வழக்கம். அதற்குப் பிறகு ஆண்கள் தேயிலைக்குள் ஏறிப் புதைகாட்டுக்குப் போவார்கள். பெட்டியை இறக்கியதும் கொட்டு ஓய்ந்தது. மீனம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள்.

"அண்ணே, தூக்காதீங்க. கொஞ்சம் மிச்சம் இருக்கு."

செல்லசாமி அவள் கையிலிருந்ததைப் பார்த்தான். "மீனா, என்ன காரியம் இது? ஊரே நிக்குது."

"அவரு முடிவு கேக்கல அண்ணே. ஒரு மாசமாக் கேட்டுக்கிட்டு இருந்தாரு. எந்த எடத்துல விட்டாருன்னு எனக்குத் தெரியல. சத்தம் நின்ன எடத்துல இருந்து வாசிச்சிர்றேன்."

"சத்தமா? எந்தச் சத்தம்?"

அவள் புத்தகத்தை விரித்தாள். கூட்டத்தில் யாரோ மழை வருது என்றார்கள். புள்ளைக்குப் புத்தி கலங்கிருச்சு என்றாள் ஒருத்தி. செல்லசாமி எல்லார் முகத்தையும் பார்த்தான்.

"நாங்க அடிச்சாச்சு" என்றார் சின்னத்தம்பி. "அது வாசிக்கட்டும் தம்பி."

செல்லசாமி நீர்க்குடத்தைக் கீழே வைத்தான்.

மீனம்மா பெட்டியின் தலைமாட்டில் குந்திக்கொண்டு வாசித்தாள். நேற்றுப் போலவே, தாழ்ந்த குரலில். மண்வெட்டி வைத்திருந்தவர்கள் அதை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். யார் மகன், யார் வண்டிக்காரன் என்று அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஒருவரும் இருமவில்லை. வந்தவன் துணி மூட்டையோடு வாசலைத் தாண்டுகிறான். அடுப்படியிலிருந்து அந்தத் தாய், இலை போட்டிருக்கிறேன், சாப்பிட்டுப் போ என்கிறாள். நான் யாரென்று உங்களுக்குத் தெரியாது என்கிறான் அவன்.

"'வந்த அன்றைக்கே தெரியும்' என்றாள் அவள்" என்று வாசித்தாள் மீனம்மா.

"யாருடி அந்தப் பொம்பள?" ராக்காயி மெதுவாகக் கேட்டாள்.

தூறல் விழத் தொடங்கியது. தோளில் தொங்கிய தப்பின் மேல் ஒரு துளி, பிறகு இன்னொரு துளி. யாரும் அடிக்காமலே அது லேசாகப் பேசியது. சின்னத்தம்பி கம்பளியைப் பிரித்து, தப்பை நெஞ்சோடு அணைத்து, சத்தம் வராமல் மூடிக்கொண்டார். மீனம்மா பக்கத்தைத் திருப்பினாள்.