பதினெட்டாம் பெருக்குக்குள் ஒரு செடி

அதியமான்கோட்டையில் அருள்குமார் வீட்டுக்கும் அவன் அண்ணன் பிரபாகர் வீட்டு மதிலுக்கும் நடுவே பாகம் பிரிக்காத கொல்லை ஒன்று கிடந்தது. அதில் காருக்கு ஷெட் போட வேண்டும் என்பது பிரபாகரின் எண்ணம். காய்கறி போட வேண்டும் என்பது அருள்குமாரின் மனைவி யுவராணியின் எண்ணம். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான்.

மாமனார் சென்னப்பன் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, ஆடிப் பதினெட்டன்று வந்து பார்ப்பதாகச் சொன்னார். கொல்லையில் செடி நின்றால் தோட்டம்; இல்லாவிட்டால் ஷெட். பிரபாகர் சிரித்துக்கொண்டே சரி என்றான். 

ஆனி முழுக்க ஒரு பொட்டு மழை இல்லை. கடப்பாரை போட்டால் மண் டங்கென்று திருப்பி அடித்தது. அதனால் காரிமங்கலத்தில் பவர் வீடர் வைத்து வாடகைக்கு உழும் முருகேஷை வரவழைத்தார்கள். முதல் சுற்று நன்றாகத்தான் போனது. மதிலோரம் திரும்பியதும் மிஷின் உறுமி நின்றுவிட்டது. கத்திகளில் பழைய நைட்டித் துணி, பால் கவர், ஊறிப் பருத்த டயப்பர் எல்லாம் சேர்ந்து சுற்றியிருந்தன. வருடக்கணக்காக மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து விழுந்தவை. பிரபாகரின் மனைவி கவிப்பிரியாவுக்குக் குப்பை வண்டி வரைக்கும் கால் போகாது. கை மட்டும் மதிலைத் தாண்டும்.

முருகேஷ் குனிந்து பார்த்தான்.

“அக்கா, இது மண்ணு உழுவுற மிஷினுங்க. டயப்பர் உழுவுற மிஷின் இன்னும் வரலீங்க.”

யுவராணிதான் அரிவாளால் அறுத்து அறுத்து எடுத்தாள். டயப்பருக்குள்ளிருந்த கூழ் விரலிடுக்கில் வழிந்தது. ஒரு கவர் கிழிந்து, அழுகிய பூசணிக் குடல் விதையோடு அவள் காலில் கொட்டியது. எல்லாவற்றையும் மதிலோரமே காலால் தள்ளிவிட்டு, இனி அந்த மூலைக்கே போவதில்லை என்று முடிவு செய்தாள். மிஷினின் பெல்ட்டும் அறுந்திருந்தது. மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன முருகேஷ் அப்புறம் போனையே எடுக்கவில்லை.

மீதியைப் புருஷனும் பெண்டாட்டியும் மண்வெட்டியால் கொத்தி முடிப்பதற்குள் ஆடி பிறந்துவிட்டது. மட்கிய எரு தேட நேரமில்லை. பிராய்லர் கொட்டகையில் அப்போதுதான் வாரிய கோழி எருவை அருள்குமார் மினி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினான். தொட்டால் சுட்டது. ஆறப்போட வேண்டும் என்று பொம்மிடியில் வெள்ளாமை வீட்டில் வளர்ந்தவளுக்குத் தெரியாதா? தெரியும். கெடு நெருங்கிவிட்டதே. பாத்தி முழுக்க இறைத்து, கத்தரி நாற்று நட்டு, வெண்டை விதையும் ஊன்றினாள்.

அதுவரை எட்டிப் பார்க்காத மழை அன்று சாயங்காலமே அடித்துக் கொட்டியது. விடிந்தபோது கொல்லை குழம்பாக நின்றது. வெயில் ஏற ஏற அதில் வெள்ளைப் புழுக்கள் நெளிய ஆரம்பித்தன. ஈ வந்து சோற்றில் உட்கார்ந்தது. துவைத்த துணியில் நாற்றம், தலைமுடியில் நாற்றம். கத்தரி நாற்று வெந்த கீரை போலப் படுத்துவிட்டது. வெண்டை முளைக்கவே இல்லை. அண்ணன் கேட்டபோதே கொடுத்துத் தொலைத்திருக்கலாம் என்று அருள்குமார் முனகினான். புழுவைவிட அந்த முனகல்தான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மதிலுக்கு மேல் கவிப்பிரியாவின் தலை தெரிந்தது.

“ஏன் யுவராணி, புள்ள வாந்தி எடுக்குது. இந்த நாத்தத்துல மனுசன் குடியிருக்கறதா?”

டயப்பர் வீசிய அதே கை இப்போது மூக்கைப் பொத்தியிருந்தது. பதில் சொல்ல வாய் திறந்தால் ஈ நுழைந்துவிடும் போலிருந்ததால் யுவராணி உள்ளே போனாள்.

ஆடிப் பதினெட்டன்று பிரபாகர் கொத்தனாரையும் கூட்டிக்கொண்டே வந்தான். சென்னப்பன் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு பாத்தி பாத்தியாகப் பார்த்தார். ஒன்றுமில்லை. டேப்பை இழுத்துக்கொண்டு மதிலோரம் போன கொத்தனார் அப்படியே நின்றுவிட்டார்.

யுவராணி காலால் தள்ளிய குப்பைக்குள்ளிருந்து, உள்ளங்கை அகல இலைகளோடு பூசணிக் கொடி ஒன்று தலையை நீட்டியிருந்தது. அருவருப்பில் அவள் அந்த மூலைக்கு எரு போடவில்லை. அதனாலேயே வேகாமல் பிழைத்திருந்தது.

“இது அவ வச்சதில்லப்பா,” என்றான் பிரபாகர். “எங்க வூட்டுல வீசுன விதை. தானா முளைச்சிருக்குது.”

யுவராணி முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“விதை உங்க வூட்டுதுதானுங்க மாமா. அப்ப கூட வந்த டயப்பரும் உங்க வூட்டுதுதான். ரெண்டையும் உங்க கையாலயே வாரிக்கிட்டுப் போங்க. அப்புறம் ஷெட்டு போட்டுக்கங்க.”

கொத்தனார் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். மதிலுக்கு மேல் இருந்த கவிப்பிரியாவின் தலை கீழே இறங்கியது. பிரபாகர் குப்பையைப் பார்த்தான், குனியவில்லை. சென்னப்பன் மூக்கிலிருந்து துண்டை எடுக்காமலே, “செடி நிக்குதுடா,” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஜெயித்த சந்தோஷம் யுவராணிக்கு வரவில்லை. அந்தக் கொடியில் காய்க்கும் பூசணியைச் சமைக்க அவளுக்கு மனமில்லை. சாயங்காலம் புழுத்த எருவை ஒரு மூலையில் குவித்து, ஆறட்டும் என்று மண்ணைப் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். தொப்பென்று சத்தம் கேட்டது. கொடிக்குப் பக்கத்தில், முடிச்சுப் போட்ட ஒரு கவர்.

அவள் மண்வெட்டியைக் கீழே போட்டாள். கவரை விரல் நுனியால் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனாள். பெருக்கு நாளென்று பிரபாகரின் காரைக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். முன் கண்ணாடிமேல் கவரை வைத்து, முடிச்சை அவிழ்த்துவிட்டு, கை கழுவப் போனாள்.