வூடு வரைக்கும் தாங்கும்

இட ஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலின் மூன்றாம் நாள். வடக்கனந்தல் சாலையில் வெட்டிச் சாய்த்திருந்த புளியமரத்தைச் சுற்றிப் போக, கந்தசாமி டிராக்டரை ஓடையில் இறக்கினான். டிரெய்லரைத் தாங்கும் வில்பட்டை படக்கென்று முறிந்து, பெட்டி ஒரு பக்கம் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது.

டிரெய்லரில் கயிற்றுக் கட்டில். கட்டிலில் அவன் மனைவி ஆண்டாள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். அவள் கேட்டது ஒன்றுதான்: என் வூட்லயே சாவணும். ஊருக்கு வெளியே உயிர்விட்டவர்களின் உடலை அவர்கள் ஊருக்குள் விடுவதில்லை, எல்லையிலிருந்தே சுடுகாட்டுக்குத்தான்.

"கட்டிலோட தூக்கிக்கினு போயிடலாம் மாமா. மூணு மைலுதான்" என்றான் அவள் தம்பி பழனி.

"உசுரோட கீறவள பொணமாட்டம் தோள்ல தூக்குறதா? வாய மூடுறா."

அந்த வீம்புதான் அவனைக் கெடுத்தது. கட்டிலை நிழலில் இறக்கி வைத்தார்கள். மணலில் ஜாக்கி புதைந்துகொண்டே போனது. தட்டைக்கல் தேடவே கால் மணி நேரம். பிறகு சாலையை மறித்த மரத்திலேயே ஒரு கிளையைத் தறித்து, அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே செருகி, மாட்டுக் கயிற்றால் வரிந்தான். முந்தாநாள் வேறொரு சாலையில் இதே கோடாலியால் மரம் சாய்த்தவன் அவன். இன்று யாரைத் திட்டுவான்?

"வூடு வரைக்கும் தாங்கும்" என்று நிமிர்ந்தான்.

பழனி அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். கந்தசாமி அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். மூச்சு இல்லை. துண்டை ஓடைத் தண்ணீரில் நனைத்து, காய்ச்சல்காரிக்குப் போடுவதுபோல் அவள் நெற்றியில் போட்டான்.

"கண்ணத் தொடச்சிக்க. ஊரு வர்ற வரைக்கும் அவகிட்ட பேசிக்கினே வா."

கட்டிலை மறுபடி ஏற்றினார்கள். செருகிய கிளை வழியெல்லாம் முனகியது, ஆனால் தாங்கியது. ஊர் முகப்பில் நாலைந்து பேர் மறித்தார்கள்.

"இன்னா கந்தசாமி, எப்பிடி கீது?"

"தூங்குறா. வழி வுடுங்க."

கட்டிலை நடுவீட்டில் இறக்கினார்கள். தெருவே வாசலில் நின்று எட்டிப் பார்த்தது. அவன் அண்ணி சின்னப்பொண்ணு பால் கொண்டுவந்து ஆண்டாள் வாயில் ஒரு கரண்டி ஊற்றினாள். பால் கடைவாயில் அப்படியே வழிந்தது. கன்னத்தைத் தொட்டவள் கையை எடுக்காமல் நிமிர்ந்து கந்தசாமியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சின்னப்பொண்ணு முந்தானையால் பாலைத் துடைத்தாள்.

"ஒரு வாய் குடிச்சா. இப்பத்தான் உசுரு போச்சு" என்று வாசலுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் கந்தசாமி அழுதான்.