தங்கச்சி கல்யாணத்து ஷூ

மீன் தொழிற்சாலையில் அவனுக்கு பூட்ஸ் என்றுதான் பெயர். முழங்கால் வரைக்கும் வெள்ளை ரப்பர் பூட்ஸ். வேலைக்கும் அதுதான், கடைக்கும் அதுதான். ஒரு தடவை கழற்றச் சோம்பல்பட்டு அதோடேயே தூங்கியும் இருக்கிறான்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் தங்கச்சி போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அண்ணா, அந்த ரப்பரோட வந்து நின்னே, போட்டோவுல என் பக்கத்துல வரக்கூடாது. மாமா யாரு மூஞ்சியையும் பாக்கமாட்டாரு. காலைத்தான் பாப்பாரு."

மாமா என்றால் மாப்பிள்ளையின் அப்பா. பால் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். பூட்ஸ் குனிந்து தன் காலைப் பார்த்தான். அப்பா அம்மா இல்லாத பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்க இவனை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

கூட வேலை பார்க்கும் தாடி அவனை ஷூ கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். ரப்பருக்குள்ளேயே கிடந்து கிடந்து பூட்ஸின் பாதம் துடுப்பு மாதிரி அகன்றிருந்தது. எந்த ஷூவில் நுழைத்தாலும் சுண்டுவிரல் மட்டும் கோபித்துக்கொண்டு வெளியே நின்றது.

"தம்பி, ஷூ வேணும்னா மாத்தித் தரலாம். கால் மாத்துற கடை இது இல்ல" என்றார் கடைக்காரர்.

கூர்மூக்கு ஷூ ஒன்றைத் தாடி தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். "வேணாம்டா. இதப் போட்டுட்டு யார் மேலயாவது இடிச்சே, கேஸாயிடும்."

கடைசியில், யாரும் வாங்காமல் மேல் தட்டில் தூசி தின்றுகொண்டிருந்த ஒரு கறுப்பு ஷூ, காலில் ஏறிவிட்டது. ஆனால் நடைதான் வரவில்லை. ஈரத் தரையில் வழுக்காமல் நடந்தே பழகியவன், கடைக்குள் வாத்து மாதிரி அசைந்து அசைந்து போனான்.

"தரை காஞ்சுதான்டா இருக்கு. தைரியமா வை காலை" என்றான் தாடி.

கல்யாணத்தன்று மண்டப வாசலில், அழகுக்காக ஒரு அகலமான தொட்டியில் தண்ணீர் ஊற்றிப் பூக்களை மிதக்க விட்டிருந்தார்கள். தொழிற்சாலையிலோ வாசலுக்கு வாசல் கிருமி கொல்லும் மருந்துத் தண்ணீர்த் தொட்டி. இரண்டு காலையும் அதில் நனைக்காமல் உள்ளே போகக்கூடாது. பூட்ஸ் யோசிக்கவே இல்லை. கால்கள் தானாக இறங்கி, நின்று, ஏறின. பின்னாலேயே தாடியும் இறங்கி ஏறினான்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷூவுக்குள் குளம். மேலே ரோஜா இதழ்.

எதிரே மாமா. அவர் பார்வை நேராகக் கீழே போனது. இடது கால், வலது கால்.

"ம். ரெண்டும் நல்லா நனைஞ்சிருக்கு. உள்ள போ" என்றார் மாமா.

பால் கம்பெனியிலும் வாசலுக்கு வாசல் அதே தொட்டிதான். அங்கே நின்று கால் பார்ப்பதுதான் அவர் உத்தியோகமாக இருந்தது.

பூட்ஸ் சளக் சளக் என்று மேடை ஏறினான். தங்கச்சி குனிந்து பார்த்தாள்.

"என்னண்ணா இது? மாமா பாத்தாரா?"

"பாத்தாரு. பாஸ் பண்ணிட்டாரு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவனைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினாள். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார்.

வாசலில், பளபளக்கும் ஷூவோடு வந்த கோட்டுக்காரர் ஒருவரை மாமா கை நீட்டி மறித்துக்கொண்டிருந்தார்.

"சார், கொஞ்சம் நில்லுங்க. உங்க கால் காஞ்சிருக்கே?"