பிரபா லைனில் இருக்கிறார்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தொம்மலூர் மாடி வீட்டில் இருந்தவர்கள்: முனிகிருஷ்ணன், அவன் மனைவி மரகதம், மகள் அதிதி, அதிதியோடு ஒரே ஆபீஸில் வேலை பார்க்கும் அச்யுத், கீழ் வீட்டில் இருக்கும் ஓனரம்மா சின்னத்தாயி, கேபிள்கார நாகேஷ். நாகேஷை யார் கூப்பிட்டது என்று முனிகிருஷ்ணன் பிறகு பல நாள் பல்லைக் கடித்தான். கூப்பிட்டது அவனேதான்.

அச்யுத்துக்கு ஒரு பைத்தியம். சண்டே பஜாரில் தரையில் கொட்டி விற்கும் பழைய வீடியோ கேசட்டுகளை மூட்டையாக அள்ளிக்கொண்டு வருவான். உள்ளே சினிமா இருந்தால் தூக்கிப் போட்டுவிடுவான். எந்தக் காலத்திலோ யாரோ டிவியிலிருந்து பிடித்து வைத்த ஒன்றுக்கும் உதவாத நிகழ்ச்சி இருந்தால் அவனுக்குத் தீபாவளி. இந்த முறை ஒரு கேசட்டின் முதுகில் 'தொம்மலூர்' என்று எழுதி ஒட்டியிருந்தது. அதிதியின் ஏரியா ஆயிற்றே என்று கேசட்டையும் அதை ஓட்டும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். பெட்டியின் மூன்று கலர் வயரைச் சொருக வீட்டின் புது டிவியில் ஓட்டை இல்லை. முனிகிருஷ்ணன் போன் செய்ய, நாகேஷ் ஒரு சின்ன டப்பாவோடு வந்து சொருகிக் கொடுத்தான். முன்பு கேபிள் நடத்தியவன், இப்போது இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுக்கிறான். தெருவில் அவன் நுழையாத வீடு கிடையாது.

திரை கொஞ்ச நேரம் புள்ளி புள்ளியாகக் கொட்டியது. பிறகு ஒரு மீன் தொட்டி வந்தது. அதில் இரண்டு மீன்கள், கீழே 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற எழுத்து. மீன்கள் பாட்டுக்கு நீந்திக்கொண்டே இருந்தன. யாரும் எழுந்து போகவில்லை.

"நம்ம லோக்கல் சேனல்பா இது," என்றாள் சின்னத்தாயி. "கேசட் மாத்தறப்பல்லாம் இந்த மீனத்தான் காட்டுவான் நாகேஷு. மீனு செத்து மெதந்தப்பகூட காட்டினான்."

"அது தூங்கிட்டிருந்துச்சுக்கா," என்றான் நாகேஷ்.

மீன் போய் ஒரு நாற்காலி வந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் பூ, சிவப்பு டெலிபோன். நாற்காலியில் பத்தொன்பது இருபது வயதுப் பெண். கையில் இருந்த காகிதத்தைப் பார்த்துப் பிறந்தநாள் வாழ்த்து வாசித்தாள், தமிழில் ஒரு தரம், கன்னடத்தில் ஒரு தரம். லட்சணமான பெண் என்று முனிகிருஷ்ணன் மனசுக்குள் நினைத்து முடிக்கவில்லை, அதிதி திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"மம்மி, இது நீ."

சின்னத்தாயி வாயைப் பொத்திக்கொண்டாள். நாகேஷ் வயரைச் சுருட்டினான். ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, கட்டியவனுக்குத் தெரியவில்லை.

திரையில் டெலிபோன் அடித்தது. "பிரபா லைனில் இருக்கிறார்," என்றாள் அந்தப் பெண்.

"மேல் தெருலருந்து பிரபா பேசறேங்க," என்றது ஓர் ஆண் குரல். "நேத்து மஞ்சத் தாவணி கட்டியிருந்தீங்க. இன்னிக்கிப் பார்த்தா பச்சையா தெரியுது. டிவில கலர் போயிடுச்சுன்னு மெக்கானிக்கக் கூட்டியாந்து பின்பக்கத்தக் கழட்டிட்டேன். இப்ப நான் இன்னா பண்றது?"

அந்தப் பெண் சிரித்தாள். காகிதத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து சரிந்து, மூச்சு வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் மரகதம் அப்படிச் சிரித்து முனிகிருஷ்ணன் கண்டதில்லை. அவளுக்கு அத்தனை பல் இருப்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"யாரு அந்தப் பிரபா?" என்றான்.

"தினம் பண்ணுவான்பா. அவன் பேச்சக் கேக்கறதுக்குன்னே சீக்கிரம் சோறாக்கிட்டு உக்காருவோம்," என்றாள் சின்னத்தாயி.

"எவனோ. யாருக்கு ஞாபகம்," என்று மரகதம் டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பதினெட்டு வருஷம் எலெக்ட்ரானிக் சிட்டியில் ராத்திரி கேப் ஓட்டியவன் முனிகிருஷ்ணன். கொஞ்ச மாதத்துக்கு முன்னால் சூப்பர்வைசர் ஒருத்தன் மரியாதையில்லாமல் பேச, சாவியை அவன் மேல் விட்டெறிந்துவிட்டு வந்தவன் மறுபடி போகவில்லை. ஓட்டிய காலத்தில் வீட்டின் சாயங்காலம் எப்படி இருக்கும் என்றே அவனுக்குத் தெரியாது. எழுந்து, குளித்து, கிளம்பும் நேரம் அது. இப்போது உட்கார்ந்து பார்க்கிறான். சின்னத்தாயி படியேறி வருகிறாள், அதிதி கதை சொல்கிறாள், நெட் சரியாக வருகிறதா என்று நாகேஷ் எட்டிப் பார்க்கிறான். எல்லோருக்கும் இந்த வீட்டில் ஓர் இடம் இருந்தது. அவன் மட்டும் விருந்தாளிபோல் சோபாவின் ஓரத்தில் கிடந்தான். இதில் பிரபா வேறு வந்து சேர்ந்தான். வேலையில்லாதவனுக்குப் பொறாமை முழுநேர வேலை. லீவு கிடையாது.

மேல் தெருவில் விசாரித்தான். ஒரு பிரபா இருந்தார், ரிட்டையர் ஆன பஸ் கண்டக்டர். வாடகைக்கு வீடு பார்ப்பவன்போல் போய்க் கதவைத் தட்டினான். 'மஞ்சள்' என்ற வார்த்தையை அவர் வாயால் கேட்டுவிட்டால் குரலை அடையாளம் பிடித்துவிடலாம் என்பது அவன் கணக்கு.

"வீட்டுக்கு இன்னா கலர் அடிச்சிருக்கீங்க சார்?"

"வெள்ளை," என்றார் அவர். "ஏன், வேற கலர் பேக்கா, வேணுமா?"

அவர் கோலாரிலிருந்து வந்தே ஐந்து வருஷம்தான் ஆகிறது என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். முனிகிருஷ்ணன் நேரே நாகேஷின் கடைக்குப் போனான்.

"நாகேஷு, உனக்குத் தெரியாம இருக்காது. யாரு அவன்?"

"பழைய கதைண்ணா, விடு."

"சொல்லு."

நாகேஷ் தலையைச் சொறிந்தான். "நான்தாண்ணா. சேனல் ஆரம்பிச்சப்ப ஒரு நாய்கூட போன் பண்ணல. டெலிபோன் முன்னாடி ஒரு பொண்ணு சும்மா குந்திட்டிருந்தா கேவலமா இல்ல? பக்கத்து ரூம்லருந்து நானே பண்ணுவேன். பிரபா நான், காலேஜ் பையன் நான், பல்லு போன கெழவியும் நான்தான்."

சொன்னதோடு விட்டானா, கிழவியாகவே மாறிவிட்டான். உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, "கண்ணு, எங்க ஊட்டுக்காரருக்கு இன்னிக்கி எழுபதாவது பொறந்தநாளு. அவரு போயி ரெண்டு வருஷமாச்சு. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்னு சொல்லும்மா. இங்க மட்டும் திரும்பி வர வேணாம்னு சொல்லு," என்றான்.

முனிகிருஷ்ணனுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அதுதான் அவனைக் கொன்றது. காதல், கடிதம், கள்ளத்தனம் என்று ஏதாவது இருந்திருந்தால் நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். சிரிக்க வைத்தான் என்று யாரிடம் போய்ப் புகார் சொல்வது? பதினைந்து நாள் தேடி, வெறுக்க முடியாத ஒருத்தன் கிடைத்திருந்தான். அதனாலேயே அவனை இன்னும் அதிகமாக வெறுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் மரகதத்திடம் கேட்டான். "நாகேஷ்தானாமே."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஆமா."

"ஞாபகமில்லன்னியே?"

"சொன்னா நீங்க இப்படி நிப்பீங்கன்னு தெரியும்."

"உனக்கும் அவனுக்கும் என்ன?"

"ஒண்ணுமில்ல. நான் வாழ்த்துப் படிச்சேன், அவரு போன் பண்ணாரு. எங்கப்பா வெளிய குந்திட்டிருப்பாரு."

"அப்ப கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"டிவில பல்லக் காட்டின பொண்ணுன்னா ஆனேக்கல்லருந்து உங்கம்மா தட்டு தூக்கிட்டு வந்திருப்பாங்களா? எங்கப்பா சத்தியம் வாங்கிட்டாரு."

வந்திருக்க மாட்டாள்தான். அவன் பேச்சை மாற்றினான். "என்கிட்ட ஒரு நாளாவது அப்படிச் சிரிச்சிருக்கியா நீ?"

மரகதம் கீரையிலிருந்து தலையைத் தூக்கினாள். "வண்டி ஓட்டிட்டு வந்து நீங்க தூங்குவீங்க. தூங்கற ஆள எழுப்பி உக்கார வெச்சிச் சிரிக்கணுமா?"

கேசட்டைப் பிடுங்கி நாடாவை உருவிப் போடலாம் என்று அன்றிரவு யோசித்தான். ஆனால் அதற்குள் அதிதி அதைப் போனில் ஏற்றி ஊருக்கே அனுப்பியிருந்தாள். தொம்மலூரை விட்டு எங்கெங்கோ குடிபோனவர்களெல்லாம் பார்த்தார்கள். அந்த அக்கா இப்போது எங்கே, மறுபடி வாழ்த்துப் படிப்பார்களா என்று கேட்டார்கள். நாகேஷ் சும்மா இருப்பானா? கடைக்குப் பின்னாலிருந்த அறையை ஒழித்துத் திரைச்சீலை மாட்டினான். ஞாயிறு சாயங்காலம் ஒரு மணி நேரம், போனிலேயே நேரலை. அதிதி படம் பிடிப்பாள். மரகதம் வருவதாகச் சொல்லிவிட்டாள்.

"போகக்கூடாது," என்றான் முனிகிருஷ்ணன்.

"ஏன்?"

"நான் சொல்றேன்ல."

"அது காரணமில்லீங்க."

"அவன் மறுபடி அந்தக் கொரல்லாம் பேசுவான்."

"பேசுவாரு. இந்தத் தடவை நெஜமாவே ஜனங்களும் பேசுவாங்க. நீங்களும் பண்ணுங்க, யாரு வேணாம்னா?"

போன் செய்து என்ன சொல்வது? அவனுக்கு ஒரே குரல்தான், அதையும் யாரும் கேட்டுச் சிரித்ததில்லை. அதை வாய்விட்டுச் சொல்வதற்கு நாக்கு எழவில்லை. அதற்குப் பதிலாக, "நீ போனா கதவத் தாப்பா போட்டுப் பூட்டிடுவேன். அப்புறம் தட்டினாலும் தெறக்க மாட்டேன்," என்றான்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் மரகதம் அதைப் பற்றிப் பேசவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தான். ஞாயிறு மதியம் அவள் தலைக்குக் குளித்தாள். காட்டன் புடவை கட்டினாள். குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்தாள். அதிதி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"டாடி, கொஞ்சம் தள்ளு."

அவன் நகரவில்லை. மரகதம் அவன் தோளைத் தொட்டு ஓரமாகத் தள்ளினாள், வழியில் நிறுத்திய சைக்கிளை நகர்த்துவதுபோல. கோபமில்லாமல்தான் செய்தாள்.

"சொன்னது ஞாபகமிருக்கில்ல?" என்றான்.

"இருக்கு. சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். ரசத்த மட்டும் சூடு பண்ணிக்குங்க."

படியில் இரண்டு பேரின் செருப்புச் சத்தம் இறங்கியது. எந்தப் படியிலும் நிற்கவில்லை. கீழே சின்னத்தாயி, "நானும் வரேன் இருடி," என்றது கேட்டது. கேட் திறந்து மூடியது. இப்போது கூப்பிட்டால்கூடக் காதில் விழும் தூரம்தான். அவன் கூப்பிடவில்லை. சொன்ன சொல்லை இனித் திருப்பி எடுத்துக்கொண்டால் அந்த வீட்டில் அவனுக்கு அதுவும் மிஞ்சாது என்று தோன்றியது. கதவைச் சாத்தினான். மேல் தாழ்ப்பாளைப் போட்டான், கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டான், சாவியை இரண்டு முறை திருப்பிப் பூட்டினான்.