இடுப்போடு நின்றுபோன ஆள்

"தேளை எதுக்குங்க சிவப்பாப் போட்டிருக்கீங்க?"

"கறுப்புத் தேளு பெட்டி மேல எடுபடாதுங்க டாக்டரம்மா."

"இது பெட்டி மேல ஒட்டறதுக்கில்லை. நோயாளி விரல் வெச்சுக் காட்டறதுக்கு."

"இருக்கட்டுங்க. வலியைக் காட்டறதுன்னாலும் பாக்க லட்சணமா இருக்கோணுமில்லீங்களா?"

டாக்டர் ஞானாம்பாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். படம் மாறவில்லை. படத்தை வரைந்த மணியன் அட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்கு இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தான். திருப்பூரிலிருந்து வெளியூர் போகும் பனியன் பெட்டிகளுக்கு லேபிள் வரைவது அவன் தொழில். யானை, மான், மாம்பழம், எதை வரைந்தாலும் அதன் பின்னால் ஒரு சூரியன் உதிக்கும். இந்த அட்டையிலும் உதித்திருந்தது. சோற்றுத் தட்டுக்குப் பின்னால் ஒன்று, மருந்து பாட்டிலுக்குப் பின்னால் ஒன்று. குளிருகிறது என்று சொல்வதற்காக வரைந்த கம்பளிக்குப் பின்னாலும் ஒன்று.

"சரி, இந்த ஆளு எதுக்குச் சிரிக்கறான்? எந்த இடத்துல வலிக்குதுன்னு தொட்டுக் காட்டத்தானே ஒரு ஆளை வரையச் சொன்னேன்?"

"பனியன் போட்டுட்டுச் சிரிக்காத ஆளை நான் வரைஞ்சதே இல்லீங்க. கை வராதுங்க."

இந்தப் பேச்சையெல்லாம் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார் அர்த்தநாரி. அவருக்காகத்தான் அட்டை. வீட்டை ஒட்டிய கொட்டகையில் பனியன் கம்பெனி நடத்துகிறவர். போன மாதம் ஒரு காலையில் கட்டிங் மாஸ்டரைத் திட்டிக்கொண்டிருந்தபோது பாதி வாக்கியத்தில் நின்றார். மீதி வரவே இல்லை. வலது கையும் வலது காலும் அதோடு விழுந்துவிட்டன. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: டஜன். பசித்தாலும் டஜன், கோபம் வந்தாலும் டஜன். மனைவி அமராவதி மட்டும் எந்த டஜன் எதற்கு என்று பாதி ஊகித்துவிடுவாள்.

"புத்தி அப்படியே இருக்குதுங்க. நாம பேசறதெல்லாம் அவருக்கு விளங்குது. சொல்ல நினைக்கிறாரு, சொல்லு கிடைக்கறதில்லை" என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். இப்படிப்பட்டவர்களுக்குப் படங்களைக் கொடுத்துப் பேசவைக்கலாம் என்று எங்கோ ஒரு வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகையில் அவர் படித்திருந்தார். சரி என்பதற்கு வெற்றிலை பாக்கு, வேண்டாம் என்பதற்குக் கவிழ்த்த சொம்பு என்று யோசித்து முடிவு செய்ததும் அவர்தான். எல்லாவற்றையும் யோசித்தவர் ஒன்றைக் கவனிக்கவில்லை. சிரிக்கும் ஆள் இடுப்போடு நின்றுபோயிருந்தான். லேபிளில் வரும் ஆட்கள் அப்படித்தான். பனியன் முடிகிற இடத்தில் முடிந்துவிடுவார்கள். ஏதோ ஒரு வெள்ளத்தில் இடுப்பளவு நின்றுகொண்டு, தண்ணீர் ஏறுவதைப் பற்றிக் கவலையே இல்லாமல் சிரிப்பவர்களைப் போல. திருப்பூரில் யாருக்கும் அது குறையாகத் தோன்றியதில்லை.

முதல் நாள் அமராவதிக்குத் திருவிழாவாக இருந்தது. அர்த்தநாரி இடது கை விரலை நிமிர்ந்த சொம்பின் மேல் வைத்தார், தண்ணீர் வந்தது. விசிறியின் மேல் வைத்தார், காற்று வந்தது. "டஜன்" என்றார், சாப்பிட்டு முடித்தவர் குரலில்.

மறுநாள் நூல் வியாபாரி பாரூக் ஆரஞ்சுப் பழங்களோடு அவரைப் பார்க்க வந்தார். அவர் முன்னால் அர்த்தநாரி தேளைத் தொட்டார்.

"எங்கீங்க வலிக்குது? இந்த ஆளு மேல காட்டுங்க" என்றாள் அமராவதி.

விரல் சிரிக்கும் ஆளின் மார்பில் இறங்கியது. வயிற்றில் இறங்கியது. இடுப்புக்கு வந்தது. அங்கே ஆள் தீர்ந்துபோனான். விரல் நிற்கவில்லை, அட்டையின் விளிம்பைத் தாண்டிக் கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் போனது. அமராவதி அதை மெதுவாகப் பிடித்து மறுபடி அட்டையின் மேல் வைத்தாள்.

"அட்டையில காட்டோணுங்க. டாக்டரம்மா சொன்னாங்கல்ல?"

விரல் மறுபடி கீழே போனது. அவள் மறுபடி எடுத்து வைத்தாள். "டஜன், டஜன்" என்றார் அவர். கண் கலங்கியது.

பாரூக் இதில் கவனித்தது இரண்டைத்தான்: தேள், அப்புறம் கீழே. அன்று சாயங்காலம் யாரும் எதிர்பாராமல் நூல் விலை இறங்கியது.

டீக்கடையில் பாரூக் இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னார். பல்லடம் போய்ச் சேர்வதற்குள் அது வேடிக்கையாக இல்லாமல் போயிருந்தது. அதற்குக் காரணம் உண்டு. சிவன்மலைக் கோயிலில், யாராவது ஒரு பக்தரின் கனவில் முருகன் ஒரு பொருளைக் காட்டினால், அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அந்தப் பொருளுக்கு நாட்டில் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம். மண் வந்தால் மண்ணைப் பார்ப்பார்கள், துப்பாக்கி வந்தால் எல்லையைப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, கட்டிலில் கிடக்கும் ஒருவர் வாய் திறக்காமல் ஒவ்வொரு படமாகத் தொடுவது வேறெப்படித் தெரியும்?

பேச்சு இருந்த காலத்தில் அர்த்தநாரி நூலைப் பற்றிச் சொன்ன எதையும் யாரும் கேட்டதில்லை. கேட்காததால் யாருக்கும் நஷ்டமும் வந்ததில்லை. இப்போது பெருமாநல்லூரிலிருந்தும் வெள்ளகோவிலிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் ஆரஞ்சு கொண்டுவந்தார்கள். அறையின் ஒரு மூலையில் ஆரஞ்சு குவிந்து ஜன்னல் உயரத்துக்கு ஏறியது. அமராவதியின் அண்ணன் ரத்தினசாமி கம்பெனியிலிருந்து பெஞ்சுகளை எடுத்துவந்து வாசலில் போட்டார். நிலைப்படியில் நின்றுகொண்டு பஸ் ஸ்டாண்டில் ஊர்ப் பெயர் கூவுகிறவரைப் போலக் கூவினார்.

"விசிறிங்கோ! விசிறி தொட்டிருக்காரு!"

நான்கு பேர் எழுந்து வெளியூர் மில்லுகளுக்கு டிரங்க் கால் போட ஓடினார்கள்.

"விசிறின்னா என்னங் அர்த்தம்?"

"வேர்க்குதுன்னு அர்த்தம்!" என்று உள்ளேயிருந்து அமராவதி கத்தினாள்.

"வேர்க்குதாமா. அப்ப மில்லுக்காரனுக்கு வேர்க்கப்போகுதுங்க" என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

"ஏனுங்ணா, அவருக்கு எங்கியோ வலிக்குதுங்ணா. தேளைத் தொட்டுட்டே இருக்காரு. எங்கேன்னுதான் தெரிய மாட்டேங்குது."

"தேளு நம்ம கையில இல்லீங் அம்மிணி, முருகன் கையில இருக்குது" என்றார் ரத்தினசாமி.

அந்த வாரம் டாக்டர் ஞானாம்பாள் வந்தபோது பெஞ்சுகளையும் ஆட்களையும் தாண்டி உள்ளே வருவதே பெரும்பாடாக இருந்தது. அர்த்தநாரி அவரைப் பார்த்ததும் தேளைத் தொட்டார். ஆளைத் தொட்டார். விரல் இறங்கி விளிம்பைத் தாண்டியது. அமராவதி வழக்கம்போல அதை எடுத்து அட்டைமேல் வைக்கப் போனாள்.

"விடுங்க. எங்கே போகுதுன்னு பாக்கலாம்" என்றார் டாக்டர்.

யாரும் பிடிக்காததால் விரல் திகைத்து ஒரு கணம் நின்றது. அப்புறம் நேராகக் கால்மாட்டை நோக்கி நீண்டது. டாக்டர் போர்வையை விலக்கினார். வலது பாதத்தில் இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. அதன் நாற்றம் இத்தனை நாள் ஆரஞ்சு வாசனையில் அமுங்கிக் கிடந்தது.

"காலைக் காட்டிட்டிருந்திருக்காரு! போன வாரம் நானும் பாக்காம விட்டுட்டேன்."

"அட்டையில கால் இல்லீங்களே டாக்டரம்மா" என்றாள் அமராவதி. தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சர்க்கரை வியாதிக்காரருக்கு வர்றதுதான். அந்த ரெண்டு விரலையும் சீக்கிரம் எடுக்கோணும். விட்டா மேல ஏறும். அப்புறம் காலு, அப்புறம் ஆளே போயிருவாரு. கோயமுத்தூர்ல செய்வாங்க, நான் சொல்லி வெக்கறேன். ஆனா அவரு சம்மதிக்கோணும்."

"நான் கையெழுத்துப் போடறனுங்க" என்றார் ரத்தினசாமி.

"காலு உங்களுதுங்களா?"

"இல்லீங்."

"அப்பச் சும்மா இருங்க. அவருக்குப் புத்தி இருக்குது. அவரையே கேக்கறேன். கேக்கறதுக்கு அட்டையில எனக்குக் காலு வேணும். மணியனை வரச் சொல்லுங்க."

மறுநாள் காலையில் மணியன் வேறொரு அட்டையில் கால்களை வரைந்து, பழைய அட்டையின் கீழே தைத்துக் கொண்டுவந்தான். டாக்டரும் தன் காரோடு வந்திருந்தார். சம்மதம் கிடைத்தால் அதிலேயே அழைத்துப்போவதாக ஏற்பாடு. வாசல் கூட்டம் ஜன்னல் கம்பிகளில் தொங்கியது. டாக்டர் அர்த்தநாரியின் முன்னால் அட்டையைப் பிடித்து, வலது காலின் இரண்டு விரல்களைத் தொட்டு, நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

"இந்த ரெண்டு விரலையும் எடுத்துரலாமுங்களா?"

ஜன்னலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. "முருகா!" என்று யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பனியன் போட்டுச் சிரிக்கும் ஆளுக்கு இடுப்புக்குக் கீழே பட்டு வேட்டி. அதற்குக் கீழே இரண்டு சிவந்த பாதங்கள், தண்டையோடு. பின்னால் சூரியன்.

"மணியா, நான் மனுசன் காலுதானே கேட்டேன்?"

"மனுசன் காலை எவனும் காசு குடுத்து வரையச் சொன்னதில்லீங்க. நான் இதுவரைக்கும் வரைஞ்ச காலு பூராக் காலண்டர்ச் சாமி காலுங்க."

"தண்டையையாவது அழிச்சிருக்கலாமில்ல?"

"அழிக்கக் கூடாதுங்க. தப்புங்க."

டாக்டர் அந்தக் கீழ் அட்டையைக் கையால் மறைத்துக்கொண்டார். பிறகு போர்வையை விலக்கி, அர்த்தநாரியின் சொந்தக் காலையே காட்டி மறுபடி கேட்டார். எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அர்த்தநாரி கவனமாகக் கேட்டார். விரலைத் தூக்கினார். வெற்றிலைக்கும் கவிழ்த்த சொம்புக்கும் நடுவில் அது காற்றில் நின்றது.

இரண்டு ஜன்னல்களிலும் கழுத்துகள் உள்ளே நீண்டன. ஏனென்றால் விஷயம் அதற்குள் கால் சம்பந்தப்பட்டதாக இல்லை. வெற்றிலை என்றால் வாங்கலாம், கவிழ்த்த சொம்பு என்றால் விற்றுவிட வேண்டும் என்று வாசலில் முன்பே பேசி முடித்திருந்தார்கள். நூலை வாங்கி அடுக்கிவைத்தவர்கள் இடது பக்க ஜன்னலிலும், வாங்காதவர்கள் வலது பக்க ஜன்னலிலும் தாமாகவே பிரிந்து நின்றிருந்தார்கள். ரத்தினசாமி குடோன் நிறைய நூல் பேல் வாங்கிப் போட்டிருந்தார்.

"டாக்டரம்மா, வெள்ளிக்கிழமை கேளுங்களேன். வெள்ளி நல்ல நாளுங்க."

"விரல்ல ஏறற கறுப்பு வெள்ளிக்கிழமை வரைக்கும் நிக்குங்களா?"

"அப்படின்னா இப்பவே முடிச்சரலாமுங்க" என்று சொல்லிக்கொண்டே ரத்தினசாமி எட்டி அர்த்தநாரியின் விரலைப் பிடித்தார். "மாப்ள, சும்மா இப்படி வெச்சிருங்க. நல்லதுக்குத்தான்." விரலை வெற்றிலையின் மேல் வைத்து அழுத்தினார்.

"வெத்தலை!" என்று இடது ஜன்னல் கத்தியது. தெருவில் செருப்புகள் ஓடும் சத்தம்.

அர்த்தநாரி கையைப் பிடுங்கிக்கொண்டார். ரத்தினசாமியைப் பார்த்தார், ஜன்னல்களைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். பிறகு கையைப் போர்வைக்குள் இழுத்து நெஞ்சின் மேல் மூடி வைத்துக்கொண்டார். வாயையும் மூடிக்கொண்டார். அமராவதி சொம்பைக் காட்டினாள், சோற்றைக் காட்டினாள், அவர் அசையவில்லை. டஜன்கூட வரவில்லை. பேச்சு போனது தானாக நடந்தது. இது அவராகச் செய்தது.

"இது செல்லாது. அவராக் காட்டோணும்" என்றார் டாக்டர். "நான் வெளிய இருக்கேன். ரொம்ப நேரம் காத்திருக்க முடியாதுங்க அம்மா. கோயமுத்தூர்ல டாக்டர் மத்தியானத்துக்கு மேல இருக்கமாட்டாரு."

வெளியே ஒருவர் பாரூக்கிடம் கேட்டார். "கையை மூடிட்டாருங்க பாய். மார்க்கெட்டுக்கு லீவுன்னு வெச்சுக்கலாமுங்களா?"

"எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லீங்க. ஆனா நான் நூல் விக்கறது நம்பிக்கை இருக்கறவங்களுக்குத்தானுங்களே. லீவுன்னே வெச்சுக்குங்க."

கொட்டகையில் நிட்டிங் மெஷின்களை யாரோ நிறுத்திவிட்டார்கள், அவர் சொல்வது காதில் விழாமல் போய்விடக் கூடாது என்று. பேசாத ஒருவர் சொல்வதைக் கேட்பதற்காகத் தெருவே அமைதியானது.

அமராவதி எழுந்தாள். மூலையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து இடது ஜன்னலைப் பார்த்து வீசினாள். கம்பியில் பட்டுச் சாறு தெறித்தது. அடுத்தது வலது ஜன்னலுக்கு. அவள் எந்தப் பக்கமும் சாயவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்படி மாற்றி மாற்றி வீசினாள். "அம்மிணி, பழம் வீணாப் போகுது" என்ற ரத்தினசாமியின் தோளில் மூன்றாவது விழுந்தது. மணியன் அட்டையைத் தலைக்குமேல் குடையாகப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினான். அவனுக்குப் பின்னால் அவள் அண்ணனும் போனதும் கதவைத் தாழிட்டாள். இரண்டு ஜன்னல்களையும் சாத்தினாள். அறை இருட்டியது. ஆரஞ்சு வாசனைக்கு அடியில் இப்போது மற்ற வாசனையும் தெளிவாகத் தெரிந்தது.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து போர்வைக்குள் கையை விட்டாள். அவர் கை மூடியபடியே இருந்தது. விரல்களைப் பிரிக்கப் பார்க்கவில்லை. அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

"மாமா, அட்டையும் போயிருச்சு, ஆளுகளும் போயிட்டாங்க. போர்வைக்குள்ள நடக்கறது ஒருத்தனுக்கும் தெரியாது, சூரியனுக்கும் தெரியாது."

வெளியே டாக்டரின் டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தான்.

"நான் உங்க விரலை எடுத்து எடுத்து அட்டையில வெச்சேன். இனிமே பிடிக்கமாட்டேன், அழுத்தமாட்டேன். கால் விரலை எடுக்கச் சொன்னாலும் சரி, வேண்டாம்னாலும் சரி, நான் போயி அப்படியே சொல்றேன், எவன் என்ன அர்த்தம் பண்ணிக்கிட்டாலும். நீங்களாத்தான் சொல்லோணும். எனக்கு மட்டும் சொல்லுங்க மாமா. சம்மதமின்னா என் கையைப் பிடிங்க, இல்லைன்னாத் தள்ளி விட்டுருங்க. ரெண்டுல ஒண்ணு செய்யுங்க."