பதின்மூன்றாயிரத்து எண்ணூறு

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. மணிலாவில் நான் தங்கியிருக்கும் விடுதியில் பக்கத்துக் கட்டில்காரன் டெல்ஃபின், கப்பல் சமையல்காரன், என் கஞ்சிக் கிண்ணத்தை நகர்த்திவிட்டு ஒரு தாளை வைத்தான்.

“அண்ணே, பத்திரிகைக்காரர் நீங்க. இது என்ன சொல்லுதுன்னு பாருங்க.”

கப்பலேறும் முன் எல்லாருக்கும் எடுக்கும் ரத்தப் பரிசோதனை. வெள்ளை அணுக்கள் 13,800. இருக்க வேண்டியது 4,500 முதல் 11,000 வரை. வியாழக்கிழமை மறுசோதனை. தேறாவிட்டால் சனிக்கிழமை அந்தக் கப்பலில் வேறொருவன் சமைப்பான்.

2

முதல் தொடக்கம்: “வெள்ளை அணுக்கள் நம் உடலின் காவல்படை—” [அடித்துவிட்டேன். பள்ளிப் புத்தகம்.]

இரண்டாவது: “தன் ரத்தம் குழாயில் ஏறுவதை டெல்ஃபின்—” [பார்க்கவில்லை. ஊசி என்றால் கண்ணை மூடிக்கொள்வான்.]

நேராகவே சொல்கிறேன். எண் கூடினால் உடம்பு எதற்கோ பதில் சொல்கிறது. எதற்கு என்று அந்த ஒற்றை எண் சொல்லாது. தொற்று, புகை, பதற்றம், மூச்சிரைக்க ஓடியது, எதுவாகவும் இருக்கலாம்.

3

“சோதனைக்கு முன்னாடி என்ன பண்ணே?”

“எல்லாரும் பண்றதுதான். மூணு இளநி. அப்புறம் பூங்காவ ஆறு சுத்து ஓட்டம். வேர்வையில அழுக்கு போயிடும்ல?”

“அதே சூட்டோட ரத்தம் குடுத்தியா?”

“மூச்சு வாங்க வாங்க.”

எதிர்க் கட்டிலில் இருந்த இயந்திர அறை ஆள் கிரெகோரியோ சிரித்தான். “கப்பல்ல சமையக்காரன் கேட்டாங்க, இவன் குதிரப் பந்தயத்துக்குப் போயிருக்கான்.”

“இந்தத் தடவ ஓடாத, நல்லாத் தூங்கிட்டுப் போ” என்றேன். ஓட்டம்தான் காரணம், கதை முடிந்தது. அப்படித்தான் முடித்தும் வைத்திருந்தேன்.

4

[மேலே உள்ள முடிவை நம்ப வேண்டாம்.]

புதன்கிழமை காலை அவன் ரொட்டியைக் காப்பியில் ஊறவைத்து இடக் கடைவாயில் மட்டும் மென்றான். என் கதாநாயகன் என்னிடமே எதையோ மறைக்கிறான். கைபேசியில் அவன் மனைவி லூஸின் குரல் எனக்கும் கேட்டது.

“பல்லு வீக்கத்த டாக்டர்ட்ட சொன்னியா?”

“வத்திடுச்சுடி.”

“நடுக்கடல்ல சீழ் வச்சா யாரு பாப்பா, மீனா?”

“சொன்னா புடுங்கிட்டு, ஆறட்டும்னு உக்கார வப்பாங்க. கப்பல் எனக்காக நிக்குமா? மறுபடி ஆறு மாசம் வீட்ல இருக்கட்டுமா, சொல்லு.”

லூஸ் இணைப்பைத் துண்டித்தாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஓடாமல் போனால் எண் இறங்கலாம். இறங்கிய எண்ணைப் பார்த்து யாரும் பல்லைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். யோசனை சொன்னவன் நான்.

5

முடிவு அ: 9,200. அவன் கப்பலேறுகிறான். பதினோராம் நாள், கரை தெரியாத இடத்தில்— [எழுத முடியவில்லை.]

முடிவு ஆ: நான் மருத்துவரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன். அவன் இனி என்னோடு பேச— [இதுவும்.]

ஆக, வியாழன் காலை வரைதான் எழுதியிருக்கிறேன். மருத்துவமனை வரிசையில் அவனோடு நானும். அவன் கையில் படிவம். ‘தற்போது வலி, வீக்கம் ஏதேனும் உண்டா?’ எதிரே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டங்கள்.

“என்ன போடட்டும்ணே?”

அவன் என்னைப் பார்க்கிறான். நான் உங்களைப் பார்க்கிறேன். அவனுக்கு முன்னால் இன்னும் இரண்டே பேர். சீக்கிரம் சொல்லுங்கள்.