கறுப்பாக இருக்க வேண்டிய ஸ்லைடு

சுண்டெலியின் விழித்திரையில் ஒரு நரம்புச் செல்லும் அடுத்த செல்லும் சந்திக்கும் இடத்தில், இரண்டையும் ஒட்டிப்பிடிக்கும் புரதம் எங்கே இருக்கிறது? தர்மபுரிக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் தேவிப்பிரியா நான்கு வருடமாக இந்தக் கேள்வியோடு குடித்தனம் நடத்தினாள். சந்திப்புகள் நிறைந்த அடுக்கு பச்சையாக ஒளிரும் பதினான்கு படங்கள்தான் அவளுடைய பதில். திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும்.

ஒப்பிட்டுச் சரிபார்க்க மட்டுமே உதவும் வெறும் ஸ்லைடுக்கு மருந்தை வீணாக்கக் கூடாது என்பது வழிகாட்டி பெரியண்ணன் சாரின் கொள்கை. வெள்ளிக்கிழமை மதியம் அவர் இல்லாததால், புரதத்தைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடியை விட்டுவிட்டு, அதன்மேல் ஒட்டி ஒளிரும் இரண்டாவதை மட்டும் போட்டுப் பார்த்தாள். ஒட்டுவதற்கு முதலாவது இல்லாததால் கறுப்பாக இருந்திருக்க வேண்டும். அதே இடத்தில் அதே பச்சை.

பக்கத்து மேசை சவுரியப்பன் எட்டிப்பார்த்தான்.

"மொதல் ஆன்டிபாடி எதுல செஞ்சதுங்கக்கா?"

"சுண்டெலியிலதான்."

"அப்ப ரெண்டாவது, சுண்டெலி ஆன்டிபாடி எங்க இருந்தாலும் போயி ஒட்டுமே. அதுதான் இந்தச் சுண்டெலியோட ரத்தத்துலயே இருக்குதுங்களே. நாலு வருசமா அந்த அடுக்குல ஓடுற ரத்தக்குழாய படம் புடிச்சிருக்கீங்க. நல்லாத்தான் வந்திருக்குது."

சாருக்குப் போன் போட்டாள்.

"அத யாரும்மா போடச் சொன்னது? கழுவி வெச்சிட்டு, திங்கக்கெழம சப்மிட் பண்ணு."

தேவிப்பிரியா கழுவவில்லை. கால நீட்டிப்பு விண்ணப்பத்தை எடுத்தாள். 'காரணம்' என்ற இடத்தில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள்.